ஆல்புமின் குறைந்தால் ஊட்டம் குறைந்ததாகுமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் நோயாளியின் இரத்தப் பரிசோதனைத் தாளில் பல எண்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஆல்புமின் என்னும் புரதத்தின் அளவும் ஒன்று. நலமாயுள்ள ஒருவரின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 கிராம் வரை ஆல்புமின் இருப்பது இயல்பு. கடுநோயுற்றவரிடம் அது 2.5 கிராமாகவோ, அதற்கும் கீழாகவோ இறங்கிவிடுவதுண்டு. அந்த எண்ணைக் கண்டவுடன், நோயாளிக்கு ஊட்டம் போதவில்லை என்று முடிவு செய்வது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். வெளியே காத்திருக்கும் உறவினரிடமும் அவ்வாறே சொல்லப்படுகிறது. வீட்டில் தாங்கள் சரியாகச் சோறிடவில்லையோ என்று அவர்கள் மனம் நொந்து போகின்றனர்.

இம்முடிவு பெரும்பாலும் தவறானது. கடுநோயில் ஆல்புமின் குறைவது, உடலில் எழுந்துள்ள அழற்சியைக் காட்டுகிறதேயன்றி உணவுக் குறைவைக் காட்டுவதில்லை. ஆகவே ஊட்டத்தை அளப்பதற்கு அந்த எண்ணைக் கருவியாகக் கொள்ளும் வழக்கம் கைவிடத் தக்கது. சிறுநீரகம் பழுதுற்ற நோயாளிகள் விஷயத்தில் இந்தத் திருத்தம் மிகவும் அவசரமானது. ஏனெனில் அவர்களுக்குப் புரதம் குறைந்தாலும் தீங்கு. அளவுக்கு மிஞ்சினாலும் தீங்கு. தவறான அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பது அரிது.

திடீர்ச் சிறுநீரகப் பழுது

சிறுநீரகங்கள் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தம் வேலையை இழப்பது திடீர்ச் சிறுநீரகப் பழுது எனப்படும். இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் 48 மணி நேரத்திற்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலோ, ஏழு நாட்களுக்குள் முன்னிருந்த அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலோ, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்கும் குறைவாக ஆறு மணி நேரம் சிறுநீர் பிரிந்தாலோ, இந்நிலை ஏற்பட்டுவிட்டதாகக் கொள்ளவேண்டும் என்று கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டு அமைப்பு 2012-ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது.

இந்தியாவில் இதற்குக் காரணமாகும் நோய்கள் களப்பணியாளர்கள் நன்கறிந்தவையே. கடும் வயிற்றுப்போக்கு, மலேரியா, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், கண்ணாடி விரியன் கடி, பேறுகாலத்தில் உண்டாகும் இரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றால் பாதிக்கப்பட்டு வருவோரில் வயிறார உண்டு உழைத்து வந்தவர்களும் உண்டு. மாதக் கணக்கில் அரைவயிற்றுடன் காலந்தள்ளியவர்களும் உண்டு. இவ்விரு சாராரையும் பிரித்தறிய ஆல்புமின் உதவுமா என்பதே கேள்வி.

ஒரு சிறு கணக்கு

இரண்டு நோயாளிகளை மனத்தில் கொள்ளலாம். ஒருவர் வயலில் வேலை செய்யும் இளைஞர். விரியன் தீண்டியதால் சிறுநீர் குன்றி மருத்துவமனை சேர்ந்தவர். தீண்டிய நாள் வரை மூன்று வேளையும் நன்றாக உண்டவர். மற்றவர் தனித்து வாழும் மூதாட்டி. பல மாதங்களாக ஒரு வேளைக் கஞ்சியோடு இருந்து, எலிக்காய்ச்சல் கண்டு அதே மருத்துவமனைக்கு வந்தவர். மூன்றாம் நாளில் இருவருடைய ஆல்புமினும் 2.4 கிராம் என்று வருதல் முற்றிலும் கூடியதே. எண் ஒன்றாயினும் உடல்நிலை ஒன்றன்று.

இளைஞருக்கு நோய் வருமுன் ஆல்புமின் 4.2 கிராம் இருந்ததாகக் கொள்வோமாயின், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரத்தத்திலுள்ள ஆல்புமினின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 20 நாட்கள். அதாவது, கல்லீரல் அதை உண்டாக்குவதை அடியோடு நிறுத்திவிட்டாலும், இருப்பது பாதியாகக் குறைய 20 நாட்கள் செல்லும். மூன்று நாட்களில் பத்தில் ஒரு பங்குதான் குறையும், 4.2 என்பது 3.8 ஆகும். ஆனால் பரிசோதனைத் தாளோ 2.4 என்கிறது. மூன்று நாள் பட்டினி இந்த வீழ்ச்சிக்குக் காரணமாயிருக்க முடியாது என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவனும் இக்கணக்கால் தெளியலாம். வேறு காரணம் இருந்தே ஆகவேண்டும்.

அக்காரணங்கள் மூன்று. முதலாவது, அழற்சியின்போது நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் கசிவுடையனவாகி, ஆல்புமின் இரத்தத்தை விட்டுத் திசுக்களின் இடைவெளிக்குள் சென்றுவிடுகிறது. கடுநோயில் ஆல்புமின் விரைவில் வீழ்வதற்கு இக்கசிவே தலையாய காரணம் என்பதை பிளெக் என்பவரும் அவருடைய தோழர்களும் 1985-ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் எடுத்துக்காட்டினர். இரண்டாவது, இரத்த அழுத்தத்தைக் காக்க ஏற்றப்படும் திரவங்களாலும், பிரியாது தங்கிவிட்ட நீராலும் இரத்தம் நீர்த்துப் போகிறது. மூன்றாவது, கல்லீரல் தன் தொழிலையே மாற்றிக்கொள்கிறது. இன்டர்லூக்கின்-6 முதலிய தூதுப் பொருள்களின் ஏவலால், அது ஆல்புமின் ஆக்குவதைக் குறைத்து, எதிர்ப்புக்கு வேண்டிய வேறு புரதங்களைப் பெருக்குகிறது.

அவ்வாறு பெருகும் புரதங்களுள் புகழ்பெற்றது சி.ஆர்.பி. எனப்படும் சி-வினைப் புரதம். நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் நிலையத்தில் டில்லட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதனைக் கண்டு 1930-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நலமாயுள்ளவரிடம் லிட்டருக்குச் சில மில்லிகிராமே காணப்படும் இப்புரதம், கடுந்தொற்றில் நூறு மடங்குக்கும் மேலாக உயர்வதுண்டு. இதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 19 மணி நேரமே. ஆகையால் அழற்சி தணியத் தொடங்கியதும் இதுவும் விரைந்து இறங்கும். சி.ஆர்.பி. ஏற ஆல்புமின் இறங்குவதும், சி.ஆர்.பி. இறங்க ஆல்புமின் மெல்ல ஏறுவதும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள். விளக்குச் சுடர் ஒடுங்கினால் எண்ணெய் தீர்ந்தது என்று மட்டும் கொள்வதற்கில்லை. காற்றடித்தாலும் சுடர் ஒடுங்கும்.

பட்டினியில் ஆல்புமின்

அழற்சியின்றிப் பட்டினி மட்டும் இருந்தால் ஆல்புமின் என்னவாகும்? உணவை மறுத்து எலும்பும் தோலுமாக மெலியும் நோயுடைய இளம் பெண்களிடம் ஆல்புமின் பெரும்பாலும் இயல்பாகவே இருப்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. வேறு நோயின்றி உணவு மட்டும் குறைந்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, உடல் நிறைக் குறியீடு 12-க்குக் கீழே இறங்கும் வரையிலோ, ஆறு வாரங்களுக்கு மேல் பட்டினி நீடிக்கும் வரையிலோ ஆல்புமின் பெரும்பாலும் குறையவில்லை எனக் கண்டது. இயல்பான குறியீடு 18.5-க்கு மேற்பட்டது என்பதை நினைவு கொண்டால், 12 என்பது எத்துணைக் கொடிய மெலிவு என்பது விளங்கும்.

உடல் வீங்கும் குவாஷியோர்க்கர் நோயில் குழந்தைகளுக்கு ஆல்புமின் குறைகிறதே என்று கேட்கலாம். இதற்கு இந்திய ஆராய்ச்சியே விடை தந்துள்ளது. குன்னூரில் தொடங்கி 1958-ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட ஊட்ட ஆராய்ச்சிக் கூடம், பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அங்கே டாக்டர் சி. கோபாலனும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தபோது, ஒரே வகையான உணவை உண்ட குழந்தைகளுள் சிலர் வீங்குவதையும், சிலர் வீங்காமல் மெலிந்து வற்றுவதையும் கண்டனர். வேறுபாடு உணவில் மட்டும் இல்லை. அக்குறைவை உடல் தாங்கிக்கொள்ளும் விதத்திலும் இருந்தது. ஊட்டக் குறைவு மிகுந்த இடத்திலும்கூட, ஓர் எண் உணவின் அளவை நேராகச் சொல்லிவிடவில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

புரதத்தைக் குறைக்கும் பழக்கம்

ஒருபுறம் புரதம் போதவில்லை என்று கூறும் அதே விடுதியில், மறுபுறம் சிறுநீரகப் பழுதைக் காரணம் காட்டிப் பருப்பும் முட்டையும் பாலும் நிறுத்தப்படுவதையும் காணலாம். இப்பழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. டயாலிசிஸ் என்னும் செயற்கை இரத்தச் சுத்திகரிப்பு எங்கும் கிடையாத காலத்தில், யூரியா பெருகுவதைத் தடுப்பது ஒன்றே உயிர் காக்கும் வழியாயிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் போர்ஸ்ட் 1948-ஆம் ஆண்டிலும், லண்டனில் புல்லும் அவர்தம் தோழர்களும் 1949-ஆம் ஆண்டிலும், புரதமின்றிக் கொழுப்பும் சர்க்கரையும் மட்டும் கொண்ட உணவை இத்தகைய நோயாளிகளுக்கு அளித்து, சிறுநீரகம் தானே தேறும் வரை காத்திருக்கும் முறையை வகுத்தனர். அக்காலத்திற்கு அது அறிவார்ந்த சிகிச்சையே. நெதர்லாந்தில் கோல்ஃப் அமைத்த இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் உயிரைக் காத்தது 1945-ஆம் ஆண்டில்தான். அது உலகெங்கும் பரவப் பல ஆண்டுகள் சென்றன.

இன்று நிலைமை வேறு. இந்தியாவில் பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, மாவட்ட மருத்துவமனைகளிலும் இவ்வசதி ஏற்பட்டு வந்துள்ளது. டயாலிசிஸைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ புரதத்தைக் குறைக்கலாகாது என்று மேற்கூறிய 2012-ஆம் ஆண்டு வழிகாட்டு நூல் தெளிவாகக் கூறுகிறது. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 30 கிலோகலோரி வரை சக்தி வேண்டும் என்பது அதன் பரிந்துரை. திசுச் சிதைவு மிகாமலும் டயாலிசிஸ் இன்றியும் இருப்பவருக்குக் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் வரையிலும், டயாலிசிஸ் செய்யப்படுவோருக்கு 1 முதல் 1.5 கிராம் வரையிலும், இடைவிடாத இரத்தச் சுத்திகரிப்பில் இருப்போருக்கும் திசுச் சிதைவு மிக்கோருக்கும் உச்ச அளவாக 1.7 கிராம் வரையிலும் புரதம் அளிக்கலாம் என அது வரையறுக்கிறது. இடைவிடாத சுத்திகரிப்பில் நாள்தோறும் 10 முதல் 15 கிராம் வரை அமினோ அமிலங்கள் கழிவோடு வெளியேறிவிடுகின்றன என்பதும் கருதத் தக்கது.

புரதத்தைக் குறைத்தால் உடல் தன் தசையையே உருக்கிக்கொள்ளும். தீவிர சிகிச்சையில் இருந்த 63 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பத்தே நாட்களில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு நூற்றுக்கு 17.7 பங்கு குறைந்திருந்தது. இத்தேய்வால் மற்றுமொரு குழப்பமும் விளைகிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து பிறப்பது. தசை கரைந்தவரிடம் அது குறைவாகவே தோன்றும். சிறுநீரகம் தேறிவிட்டது என்று மகிழ்வதற்குக் காரணமான எண், உண்மையில் தசை அழிந்ததன் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

மிகையும் தீங்கே

இதைக் கேட்டு, அப்படியாயின் புரதத்தைத் தாராளமாகக் கொடுப்பதே நன்று எனக் கருதுவதும் பிழை. 2023-ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆராய்ச்சியில், 16 நாடுகளின் 85 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 1,301 நோயாளிகளின் விவரங்கள் ஆராயப்பட்டன. ஒரு சாராருக்குக் கிலோவுக்கு 2.2 கிராமும் அதற்கு மேலும், மறு சாராருக்கு 1.2 கிராமும் அதற்குக் கீழும் புரதம் அளிப்பது நோக்கம். நடைமுறையில் முன்னவர் பெற்றது சராசரி 1.6 கிராம், பின்னவர் பெற்றது 0.9 கிராம். மிகுதியாகப் பெற்றவர் விரைவில் வீடு திரும்பவில்லை. சேரும்போதே சிறுநீரகம் பழுதுற்றிருந்தவர்களுக்கு மிகுதியான புரதம் தீங்காயிருக்கலாம் என்றும் முடிவுகள் காட்டின. ஆல்புமினைக் கண்டு அஞ்சிப் புரதத்தை வாரிக் கொட்டுவதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுவதில்லை.

எண்ணை உயர்த்துவதற்காக ஆல்புமினையே புட்டியில் வாங்கி ஏற்றுவதும் இவ்வகைப் பிழையே. அதன் விலை ஏழைக் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தக் கூடியது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 6,997 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2004-ஆம் ஆண்டில் வெளியான சோதனையில், ஆல்புமின் கரைசல் பெற்றவர்க்கும் சாதாரண உப்புக் கரைசல் பெற்றவர்க்கும் 28 நாட்களில் இறப்பில் வேறுபாடு இல்லை. இத்தாலியில் கடுந்தொற்றுடைய 1,818 பேரிடம், இரத்தத்தில் ஆல்புமினைக் குறிப்பிட்ட அளவுக்கு உயர்த்தி வைக்க முயன்ற 2014-ஆம் ஆண்டுச் சோதனையிலும் உயிர் பிழைப்போர் தொகை கூடவில்லை. கல்லீரல் சுருக்க நோயின் சில நிலைகளில் ஆல்புமின் ஏற்றுவதற்குத் தக்க காரணம் உண்டு. ஊட்டம் அளிப்பதற்கு அது வழியாகாது.

எண்ணின் உரிய இடம்

ஆல்புமின் பரிசோதனையே பயனற்றது என்று இதனால் பொருள்படாது. அது மிகக் குறைந்தவர் அபாயத்தில் இருக்கிறார் என்பது உண்மை. நோயின் கடுமையை அறிய அதைப் பார்ப்பது தக்கதே. உணவின் அளவை முடிவு செய்யப் பார்ப்பதுதான் தகாது. இதற்கு மாற்றாக, இரண்டு மூன்று நாட்களே அரை ஆயுளுடைய பிரிஆல்புமினைச் சிலர் பரிந்துரைப்பர். அதுவும் அழற்சியில் வீழ்கிறது. சிறுநீரகம் பழுதுற்றால் வெளியேறாமல் தங்கி உயர்ந்தும் தோன்றுகிறது. இவ்விரு புரதங்களையும் ஊட்ட அளவுகோலாகக் கொள்ளலாகாது என அமெரிக்க ஊட்டச் சிகிச்சைச் சங்கமும் 2020-ஆம் ஆண்டில் தன் நிலையை வெளியிட்டது.

வேறு எதைக் கொண்டு அளப்பது? எடை இழப்பு, உடல் நிறைக் குறியீடு, தசையின் குறைவு ஆகிய மூன்று உடல் அடையாளங்களுள் ஒன்றும், உண்ட உணவின் குறைவு அல்லது அழற்சி ஆகிய காரணங்களுள் ஒன்றும் சேர்ந்திருந்தால் அதுவே ஊட்டக் குறைவு என்று 2018-ஆம் ஆண்டில் பன்னாட்டு ஊட்டச் சங்கங்கள் ஒருமித்து வகுத்தன. இதில் ஆல்புமின் இடம்பெறவில்லை. அழற்சி இடம்பெற்றிருக்கிறது, ஆனால் காரணமாக, அளவுகோலாக அன்று.

களப்பணியாளரின் கையிலுள்ளது

இங்கேதான் ஒரு தடை குறுக்கிடுகிறது. தீவிர சிகிச்சையில் உள்ளவரை நிறுத்தி எடை பார்க்க இயலாது. படுக்கையோடு பார்த்தாலும், உடலில் தேங்கிய நீர் பல கிலோ எடையைக் கூட்டிக் காட்டும். மெலிந்தவர் பருத்தவராகத் தோன்றுவார். பேச்சற்றுக் கிடப்பவரிடம் என்ன உண்டார் என்று கேட்கவும் முடியாது. அப்போது மருத்துவருக்குத் தேவைப்படும் மிக அரிய செய்தி, நோய்க்கு முன்பு அவருடைய எடை என்ன என்பது. கிலோவுக்கு இத்தனை கிராம் என்னும் கணக்கு முழுவதும் அந்த ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. விலையுயர்ந்த இயந்திரங்கள் நிறைந்த விடுதியில் அது கிடைப்பதில்லை. சிற்றூரில் தேதியிட்டு எழுதிய ஓர் அட்டையில் கிடைக்கலாம்.

ஆகையால் கிராம சுகாதாரச் செவிலியரும், ஆஷா பணியாளரும், அங்கன்வாடிப் பணியாளரும், பள்ளி ஆசிரியரும் எடுக்கும் எடைக் குறிப்பு வெறும் சடங்கன்று. எடையையும் உயரத்தையும் நாளுடன் எழுதுதல் வேண்டும். நோயாளியை மேல் மருத்துவமனைக்கு அனுப்பும்போது அதன் நகலைக் கூடவே அனுப்புதல் வேண்டும். அத்துடன் வீட்டாரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதினால் பேருதவியாகும். கடந்த ஆறு மாதங்களில் உடுப்புத் தளர்ந்து உடல் மெலிந்ததா? கடந்த ஒரு வாரத்தில் வழக்கமான உணவில் முழுமையும் உண்டாரா, பாதியா, அதற்கும் குறைவா? காலிலோ முகத்திலோ வீக்கம் உண்டா? முன் கூறிய இளைஞரையும் மூதாட்டியையும் ஆல்புமின் பிரித்துக் காட்டவில்லை. இம்மூன்று விடைகளும் ஓர் எடைக் குறிப்பும் பிரித்துக் காட்டிவிடும். நெடுநாள் பட்டினியிருந்தவருக்கு உணவைப் படிப்படியாகவே கூட்டவேண்டும் என்பதால் இந்த வேற்றுமை உயிரோடு தொடர்புடையது.

நோயாளி வீடு திரும்பிய பின்னரும் பணி முடிவதில்லை. விடுதியில் சில நாட்களுக்குச் சொல்லப்பட்ட உணவுத் தடை, வாழ்நாள் தடையாக மாறிவிடுவதுண்டு. பருப்பு கூடாது, முட்டை கூடாது என்று சோற்றையும் ரசத்தையும் மட்டும் உண்டு, தேறிய சிறுநீரகத்தோடு தேறாத உடலைச் சுமப்பவர் உளர். தடை இன்னும் நீடிக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளியுமாறு அவர்களைத் தூண்டுவது களப்பணியாளரின் கடமை. 50 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 1 கிராம் வீதம் நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் ஆகும். நூறு கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும், ஒரு டம்ளர் பாலில் 6 கிராமும் புரதம் உண்டு. இவ்வெண்களைக் கொண்டு எந்தக் குடும்பத்தின் உணவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இளநீர் நல்லதுதானே என்று சிறுநீர் குன்றியிருக்கும் நோயாளிக்குக் கேளாமல் கொடுத்துவிடுவதைத் தடுக்கவும் வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றி இதயத்தைத் தாக்கக்கூடும்.

செய்யத் தக்கது

மருத்துவமனைகள் செய்யத் தக்கவை இரண்டு. பரிசோதனைத் தாளில் ஆல்புமினுக்கு அருகிலேயே சி.ஆர்.பி. அளவையும் குறித்து, அழற்சியில் ஆல்புமின் குறையும் என்னும் ஒரு வரியை அச்சிடுதல் முதலாவது. சேர்க்கைத் தாளில், நோய்க்கு முந்திய எடை, அது எந்நாளில் எவரால் குறிக்கப்பட்டது என்பதற்கு இடம் ஒதுக்குதல் இரண்டாவது. இவற்றிற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஆசிரியர்கள் செய்யத் தக்கதும் ஒன்றுண்டு. அரை ஆயுட்காலக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டி, ஓர் எண் எதை அளக்கிறது என்று கேட்காமல் அதை நம்பலாகாது என்பதை மாணவர் உணரச் செய்யலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தாரிடம், உங்கள் உணவில் குறையில்லை, நோயின் அழற்சியே இந்த எண்ணைத் தாழ்த்தியது என்று உண்மையைச் சொல்ல முடிந்தால், வீண் பழியும் வீண் செலவும் அவர்களை விட்டு நீங்கும். உண்மையாகவே பட்டினியால் மெலிந்தவர் வந்திருப்பின், அவரை இனங்கண்டு தக்க அளவில் ஊட்டவும் வழி பிறக்கும். இவ்விரண்டும் நிகழ்வதற்கு, ஊரில் எழுதப்படும் எடை அட்டை ஒழுங்காக எழுதப்பட வேண்டும்.